ஓமி ஆடுகிற வீட்டுப் பிள்ளை

1

இந்த மாதத்தோடு நான் சுவிட்சர்லாந்துக்கு வந்து பதினாறு வருடம். பத்து வருடம் முடிந்தபோதும் ஒன்றும் எழுதவில்லை, பதினைந்து முடிந்தபோதும் எழுதவில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று வேலைக்குப் போகிற ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

என் மகள் மதுவுக்கு ஆறு வயது. இந்த ஊரில் நாலு வயதில் பிள்ளையைக் கிண்டர்கார்டனில் சேர்த்து, இரண்டு வருடம் கழித்து முதலாம் வகுப்புக்கு அனுப்புவார்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு மதிப்பீடு உண்டு. அதில் எழுத்தும் இல்லை, கணக்கும் இல்லை. பிள்ளை எப்படி உட்காருகிறாள், எப்படி மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறாள் என்று பார்த்து எழுதுவார்கள். எங்கள் ஊர் ரத்தோட்டையில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். விளையாட்டில் பெயிலாகிற பிள்ளையும் உலகத்தில் உண்டா என்று நானும் முதலில் சிரித்தேன்.

கடிதம் வந்த அன்று சிரிப்பு நின்றுவிட்டது. நாலு பிள்ளைகளை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, கட்டை உருட்டி ஆடுகிற ஒரு பலகை விளையாட்டைக் கொடுத்து மூன்று நாள் பார்த்திருக்கிறார்கள். மது தன் முறை வரும்வரை காத்திருப்பதில்லையாம். பக்கத்துப் பிள்ளை உருட்டி முடித்தவுடன் கட்டையைப் பிடுங்குகிறாளாம். உண்மையிலேயே அவள் முறை வருகிறபோது எங்கேயோ பார்த்துக்கொண்டு இருக்கிறாளாம். தான் ஆடி முடித்ததும் கட்டையை ஒழுங்குப்படி கொடுக்காமல், மறுபக்கம் இருக்கிற தனக்குப் பிடித்த சிநேகிதிக்கே கொடுக்கிறாளாம். ஆகவே சேர்ந்து பழகும் பக்குவம் போதாது, இன்னும் ஒரு வருடம் கிண்டர்கார்டனில் இருப்பது நல்லது என்று எழுதி, கீழே பெற்றோர் சம்மதத்துக்கு ஒரு கோடும் போட்டிருந்தார்கள்.

என் கணவர் செல்வம் கடிதத்தை இரண்டு தடவை போனில் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார். அவர் ஒரு ரெஸ்டோரண்டில் சமையல்காரர். கோபப்படுவதற்கும் அவருக்கு லீவு நாள் வரவேண்டும்.

"பிடுங்குறாளா? நம்ம புள்ளயா?" என்றார்.

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"ஒரு வருசந்தானே. என்னா செய்யலாங்கிற?"

என்ன செய்யலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று மட்டும் தெரியும். ஏனென்றால் ஒரு தடவை போட்டுவிட்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் மூத்தவன் கவினுக்கு இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. பாஷை போதாது, ஒரு வருடம் பிந்திப் போகட்டும் என்றார்கள். நான் வாசிக்கக்கூட இல்லை. கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போட்டுக்கொடுத்துவிட்டு, "நன்றி, மன்னிக்க வேண்டும்" என்று வாய்க்கு வந்த இரண்டு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவன் வகுப்பில் அவன்தான் மூத்தவன். ஏன் என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். இப்போது பதினாலு வயது. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற பிள்ளையாக வளர்ந்திருக்கிறான். அது பாதி என் கையெழுத்து என்றுதான் நான் நினைக்கிறேன்.

2

எங்கள் வீட்டில் புதன்கிழமை ஓமி ஆடுகிற நாள். புதன் பின்னேரம் இங்கே பள்ளிக்கூடம் இல்லை, செல்வத்துக்கும் அன்றுதான் லீவு. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நாலு பேரும் உட்காருவோம். நானும் மதுவும் ஒரு கட்சி, தகப்பனும் மகனும் ஒரு கட்சி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீட்டுக்கட்டில் ஏழுக்குக் கீழே உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டால் முப்பத்திரண்டு மிஞ்சும். முதலில் ஆளுக்கு நாலு. அந்த நாலை மட்டும் பார்த்து ஒருவர் துரும்பு, அதாவது மற்றச் சீட்டை எல்லாம் வெட்டுகிற இனம், எது என்று சொல்ல வேண்டும். பிறகு இன்னும் நாலு. எடுத்துவைத்த சின்னச் சீட்டுகள் வீணாகாது, புள்ளி வைக்க அதுதான், சிவப்பு ஒரு கட்சிக்கு, கறுப்பு ஒரு கட்சிக்கு. எட்டுப் பிடியையும் ஒரே கட்சி பிடித்துவிட்டால் அது கப்போத்தி. கப்போத்தி வாங்கியவர்கள் ஒரு கிழமைக்குத் தலை நிமிர முடியாது.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் இருக்கிறது. மழைக்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் பக்கத்து லயத்து வரிசை வீடுகள்கூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமிப் போயா லீவிலும் நானும் அக்காவும் ஒரு கட்சி, அம்மாவும் கீழ்க் கிராமத்து சோமா அக்காவும் ஒரு கட்சி. அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, சோமா அக்காவுக்குத் தமிழ் அரைகுறை. துரும்பு என்ற சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான், சண்டை பிடிக்க அது போதுமாக இருந்தது. பொம்பளைகள் நாலு பேர் பட்டப்பகலில் சீட்டு ஆடுவதா என்று லயத்தில் பேசத்தான் செய்தார்கள். ஆறு நாள் மலையில் கொழுந்து பறித்த கை, ஏழாம் நாள் எதைப் பிடிக்க வேண்டும் என்று கேட்க எவனுக்கும் உரிமை இல்லை என்பது அம்மாவின் கட்சி. சொல்லிவிட்டு இஸ்கோப்பு ஆஸ் சீட்டை மேசையில் அடிப்பார்.

அந்த ஆட்டத்தை நான் இங்கே கொண்டுவந்தேன். வேறு எதையும் அவ்வளவு கவனமாகக் கொண்டுவரவில்லை. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவது குறையக் குறைய ஓமி மேசையில் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டேன். அங்கே ஜெர்மனில் வாய் திறந்தால் ஒரு புள்ளி கழிப்பேன். கவினுக்கு இது பெரிய அநியாயம். இரண்டு வருடமாக அவன் சீட்டை ஒரு கையிலும் போனை மேசைக்கு அடியில் மறு கையிலும் வைத்துக்கொண்டுதான் ஆடுகிறான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் விட்டுவிட்டான்.

மதுவோ அப்படி இல்லை. நாலு வயதில் என் மடியில் இருந்து சீட்டுப் பிடிக்கப் பழகியவள். இப்போதும் எட்டுச் சீட்டு அவள் கைக்கு அடங்காது, அதனால் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் சொருகி வைத்துக்கொள்வாள். தன் முறைக்கு முன்னால் ஒரு சீட்டைத் தொட்டால் தகப்பன் விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கா முறை தெரியாது என்று கடிதத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு பற்றி எரிந்தது.

3

அக்காவுக்கு போன் எடுத்தேன். அவள் இன்னும் ரத்தோட்டையில்தான், டவுனில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"என்னாடி இது, லூடோ ஆடத் தெரியலன்னு புள்ளய ஃபெயில் பண்றாங்களா?" என்றாள்.

"ஆடத் தெரியலன்னு இல்லக்கா. முறை தெரியலயாம்."

"போயி ஒன் கண்ணால பாத்தியா?"

"இல்ல."

"பாக்காம எதுக்கு என்கிட்ட அழுவுற? போயி பாத்துட்டு வா."

போனேன். பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று இங்கே ஒரு வசதி உண்டு, முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டும். அதற்கும் ஒரு படிவம். மூன்று நாள் கழித்து அனுமதி வந்தது. முழங்கால் வாய்க்கு வருகிற மாதிரி உட்கார ஒரு குட்டிக் கதிரை தந்தார்கள். டீச்சர் இளம் பெண், நல்ல பெண். என்னைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தார்.

மதுவின் இடப்பக்கம் ஒரு பையன், வலப்பக்கம் சிநேகிதி, எதிரே இன்னொரு பையன். மது கட்டையை உருட்டினாள், தன் காயை நகர்த்தினாள், கட்டையை வலப்பக்கத்துச் சிநேகிதியிடம் நீட்டினாள். டீச்சர் மெதுவாக அவள் கையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். அந்தப் பையன் உருட்டினான். உருட்டி முடித்ததும் மது கையை நீட்டிவிட்டாள். அடுத்தது தன் முறை என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். டீச்சர் தலையை ஆட்டினார். கட்டை எதிர்ப் பையனிடம் போய், சிநேகிதியிடம் போய், சுற்றி வந்து மதுவின் முன்னால் நின்றது. மது அதைப் பார்க்கவே இல்லை. இடப்பக்கத்துப் பையனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லாரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்த, முகம் சிவந்து போனது.

எனக்கும் அதே நேரம் வலக்கை முன்னால் நீண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

எங்கள் ஆட்டம் வலப்பக்கம் போகும். ஓமி மட்டும் இல்லை. கரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் போவதும் வலப்பக்கம்தான், வீட்டில் லூடோ ஆடினாலும் நாங்கள் அப்படித்தான் கொடுப்போம். இடப்பக்கம் இருக்கிறவர் ஆடினால் அடுத்தது நான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் மதுவுக்குச் சொல்லித்தரவில்லை. சோற்றுக் கை எது என்று தெரிவது மாதிரித் தெரியும். இங்கே பிள்ளைகளின் பலகை ஆட்டம் எல்லாம் இடப்பக்கம், கடிகார முள் போகிற பக்கம். மது பிடுங்கவும் இல்லை, பராக்குப் பார்க்கவும் இல்லை. ஒழுங்கு தவறாமல் எங்கள் ஒழுங்கில் ஆடிக்கொண்டு இருந்தாள். அவளைச் சுற்றி இருந்த மேசைதான் அவளுக்குத் தலைகீழாகச் சுற்றியது. ஆறு வயதுப் பிள்ளை இதை என்ன பாஷையில் சொல்லும்?

உடனே எழுந்து சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "எங்கள் ஊர் வழக்கம் வேறு" என்று சொன்னால் இவர்கள் முகத்தில் ஒரு இரக்கம் வரும். அதை நான் பதினாறு வருடமாகப் பார்த்துவிட்டேன். அந்த இரக்கத்தோடு என் பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தில், ஒன்பது வருடமாக. காலையில் சலவை, பின்னேரம் சாப்பாட்டு அறை. தேநீர் கொடுத்த பிறகு அங்கே நாலு கிழவிகள் யாஸ் ஆடுவார்கள். யாஸ் என்பது இந்த நாட்டுச் சீட்டாட்டம், முப்பத்தாறு சீட்டு. எங்கள் சீட்டு மாதிரி இல்லை, மணியும் ரோஜாப்பூவும் கேடயமும் போட்டிருக்கும். அதிலும் துரும்பு உண்டு, எதிரெதிரே கட்சி உண்டு. இந்த நாட்டில் அது தெரியாத குடும்பம் குறைவு. நாலில் ஒருவருக்கு முடியாமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். கிண்டர்கார்டனுக்குப் போய்வந்த மறுநாள் ஹெடி என்ற கிழவி என்னைக் கூப்பிட்டாள். தோற்கிறபோது சீட்டை மடிக்குள் நழுவவிடுகிற கெட்டிக்காரி அவள். மும்மூன்றாகப் போட ஆரம்பித்தாள். முதல் மூன்று வலப்பக்கத்து ஆளுக்கு, அடுத்த மூன்று அதற்கும் வலப்பக்கம்.

நான் சீட்டை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது வருடமாக இந்த மேசையில் ஆடியிருக்கிறேன், ஒரு நாளும் எனக்குத் திசை தப்பியது இல்லை. தப்பாததால் கவனித்ததும் இல்லை.

"ஹெடி, யாஸ் எப்போதும் இந்தப் பக்கம்தானா போகும்?" என்று கேட்டேன்.

"வேறு எந்தப் பக்கம் போகும்?" என்றாள், என்னை ஒரு மாதிரிப் பார்த்து.

அன்றைக்கு நான் மோசமாக ஆடித் தோற்றேன். போகும்போது ஒரு கட்டு யாஸ் சீட்டு இரவல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

4

பள்ளிக்கூடத்தில் சந்திப்புக்கு நாள் குறித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று படிவத்தில் கேட்டிருந்தது. வேண்டாம் என்று போட்டேன். செல்வத்துக்கு அன்று வேலை. விளங்காத சொல் வந்தால் உதவிக்கு இருக்கட்டும் என்று கவினைக் கூட்டிப் போனேன். வழி முழுக்க அவனுக்கு ஒரே பாட்டுத்தான்.

"அம்மா, சும்மா சைன் பண்ணிருங்க. எனக்கும் அப்படித்தானே. ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலயா?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

அறையில் டீச்சரும் பள்ளிப் பொறுப்பாளரும் இருந்தார்கள். பொறுப்பாளர் ஐம்பது தாண்டிய மனிதர், மீசை வைத்தவர். கடிதத்தில் இருந்த மூன்று குறையையும் இன்னொரு தடவை மெல்ல வாசித்தார். வாசித்து முடித்து, வீட்டில் பிள்ளையோடு யாராவது விளையாடுகிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு நான் தயார்பண்ணி வைத்திருந்த ஜெர்மன் எல்லாம் பறந்து தமிழ்தான் வந்தது.

"கவின், சொல்லு. எங்க வீட்டுல நாலு பேரும் கிழமைக்கு ஒருநாள் உக்காந்து வெளையாடுறோம். எம்புள்ளைக்கு முறை நல்லாத் தெரியும். அவ எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தான்னு இவங்கதான் பாக்கல. அப்படியே சொல்லு."

கவின் பொறுப்பாளர் பக்கம் திரும்பினான். பிறகு ஜெர்மனில் சொன்னான். "அம்மா மன்னிப்புக் கேட்கிறார். நாங்கள் வீட்டில் வேறு மாதிரி விளையாடுகிறோம், அதனால் தங்கச்சி குழம்பிவிட்டாள். இனிமேல் சரியாகப் பழக்குவோம் என்கிறார்."

ஒன்பது வருடம் இந்த ஊர்க் கிழவிகளோடு வேலை செய்தவளுக்கு மன்னிப்பு என்ற சொல் விளங்காது என்று என் மகன் நினைத்திருக்கிறான். கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் வேறு எங்கேயோ திரும்பிவிட்டது. அவன் பயந்து போயிருந்தான். யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லாமல் நாங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது.

"நான் மன்னிப்புக் கேட்கவில்லை," என்று ஜெர்மனில் சொன்னேன். என் ஜெர்மன் உடைந்த ஜெர்மன்தான், ஆனாலும் உடைந்த துண்டு கையை வெட்டும். பையில் இருந்த சீட்டுக்கட்டை எடுத்துப் பொறுப்பாளர் முன்னால் வைத்தேன். "நீங்கள் யாஸ் ஆடுவீர்களா?"

அவர் டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆடுவேன், ஆனால்..." என்று இழுத்தார்.

"நாலு பேருக்குப் போடுங்கள்."

சீட்டைக் கையில் எடுத்தால் கை சும்மா இருக்காது. நாலு தடவை கலைத்து, மும்மூன்றாகப் போட்டார். கவினுக்கு, எனக்கு, டீச்சருக்கு, தனக்கு. இரண்டாம் சுற்றில் என் முன்னால் மூன்றைப் போட்டுவிட்டு அப்படியே நிறுத்தினார். தன் கையையே பார்த்தார்.

"வலப்பக்கம்," என்றேன். "என் மகளும் இப்படித்தான் கொடுத்தாள். கட்டையைப் பிடுங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இடப்பக்கம் இருக்கிறவர் முடித்தால் அடுத்தது யார், இப்போது சொல்லுங்கள்."

டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். மதிப்பீட்டுத் தாளைத் திருப்பி மூன்று குறிப்பையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. "எங்கள் வீட்டிலும் தாத்தாவோடு யாஸ் ஆடுவோம்," என்றார். "எனக்குத் தோன்றவே இல்லை." அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அப்போது கோபம் இல்லை. என் வீட்டில் நான் கவனிக்காததை அவர் தன் வீட்டில் கவனிக்கவில்லை. எழுதிவிட்டார் என்பதுதான் வித்தியாசம்.

பொறுப்பாளர் கணினியில் இருந்து புதிய தாள் எடுத்துவந்தார். மது ஆகஸ்டில் முதலாம் வகுப்புக்குப் போகிறாள் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. பிள்ளை குழம்பாமல் இருக்க, பெற்றோர் இனிமேல் வீட்டிலும் கடிகாரத் திசையில் விளையாடப் பழக்குவார்கள். அதற்கும் கீழே கையெழுத்துக் கோடும், பெற்றோர் குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டியும்.

கவின் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினான். ஜெயித்தாயிற்று, முடித்துவிடுங்கள் என்கிற மாதிரி. நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வரிதானே, யார் வீட்டுக்கு வந்து பார்க்கப் போகிறார்கள். ஆனால் எட்டு வருடத்துக்கு முன்னாலும் ஒரு வரிதான்.

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு பெட்டிக்குள் எழுதினேன். அங்கே ஜெர்மனில் எழுத வேண்டும் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை, அதனால் தமிழில் எழுதினேன். நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிகிற மாதிரி. கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளிவைத்தேன்.

பொறுப்பாளர் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இது என்ன?" என்று கவினிடம் கேட்டார்.

கவின் தாளைத் தன் பக்கம் இழுத்தான். இரண்டு வருடமாகத் தமிழ் வாசிக்காத பிள்ளை. உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினான். நான் உதவி செய்யவில்லை. என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். நான் கண்ணால் தாளைக் காட்டினேன். பிறகு பொறுப்பாளரைப் பார்த்து ஜெர்மனில் சொன்னான்.

"என் தங்கச்சி பள்ளிக்கூடத்தில் உங்கள் பக்கம் ஆடுவாள். எங்கள் வீட்டில் எங்கள் பக்கம் ஆடுவாள்."

அத்தோடு நிறுத்திவிடுவான் என்றுதான் நினைத்தேன். பெட்டிக்குள் இன்னும் ஒரு வாக்கியம் இருந்தது. அவன் விரல் அதில் வந்து நின்றது. காது சிவந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதில் நாங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை," என்றான்.